எஸ் டிரைவில் வீடு வீடாகப் பத்திரிகை வைத்தேன்

1

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கொரு முறை கட்டாயப் பயிற்சிகள் நடக்கும். தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது, கனமான பெட்டியை முதுகு பிடிக்காமல் எப்படித் தூக்குவது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். அந்த வரிசையில் ‘பொதுச் சேமிப்பகத்தை முறையாகப் பயன்படுத்துவது எப்படி’ என்பதும் ஒன்று. போன வாரம் அதற்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

பாடம் எடுத்தவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். அடுத்தவர் ஃபோல்டருக்குள் உங்கள் சொந்தக் கோப்புகளைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, “இது கற்பனை இல்லை. போன வருடம் இந்தத் துறையிலேயே நடந்தது. ஓர் ஊழியர்...” என்று ஆரம்பித்தாள். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் எல்லோரையும் போலப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

அந்த ஊழியர் நான்தான். என் சொந்த ஊரான சங்கரன்கோவிலில் இந்தச் சேதி அரைகுறையாகப் பரவி, “கம்ப்யூட்டர்ல ஏதோ திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கிட்டாளாமே” என்று பேசிக்கொள்வதாக அண்ணன் சொன்னான். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

2

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் ஒரு நகரம். வெயில் அடித்தால் ஆட்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்று பார்க்கிற ஊர். இங்கே மண் ஆய்வுக் கூடத்தில் எனக்கு வேலை. பொட்டலம் பொட்டலமாக மண் வரும். காய வைத்து, சலித்து, கருவிக்குள் போட்டால் அது எண்களைக் கொட்டும். அந்த எண்கள் போய்ச் சேருகிற இடத்தின் பெயர் எஸ் டிரைவ்.

வேறு ஒரு கட்டடத்தில் பூட்டிய அறைக்குள் பெரிய பெரிய சர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் எங்கள் துறைக்கு ஒரு பங்கு. அந்தப் பங்குக்குள் ஆளுக்கொரு ஃபோல்டர், ஒவ்வொன்றுக்கும் அவரவர் பெயர். கணினியைத் திறந்தால் எல்லாப் பெயர்களும் வரிசையாகத் தெரியும், ஒரு தெருவில் வீடுகள் இருப்பது மாதிரி. எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. எப்போதோ இருந்த ஒரு துறைத்தலைவர், நாமெல்லாம் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும் என்று சொல்லித் திறந்து வைத்தாராம். அதை யாரும் மூடவில்லை.

ஆனால் ஒருவரும் உள்ளே போவதில்லை என்பதுதான் விஷயம். கதவு திறந்தே கிடந்தாலும், “உன் ஃபோல்டரில் இருக்கும் அந்தக் கோப்பை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?” என்று மெயில் போட்டுக் கேட்பார்கள். தாராளமாகப் பார் என்று பதில் வரும். அதற்கு நன்றி சொல்லி இன்னொரு மெயில். சேர்ந்த புதிதில் நான் இதெல்லாம் தெரியாமல் ஒருவருடைய ஃபோல்டருக்குள் நேரே போய், அவர் கணக்கில் இருந்த பிழையைத் திருத்திவிட்டு, திருத்திவிட்டேன் என்று சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. குளித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதற்குப் பிறகு நானும் மெயில் போடப் பழகிக்கொண்டேன்.

இப்படியே வருடங்கள் ஓடின. யார் கோப்புக்கு ‘இறுதி’ என்று பெயர் வைப்பார்கள், யார் ‘இறுதியிலும் இறுதி’ என்று வைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருவர் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று மட்டும் தெரியாது. நடைபாதையில் பார்த்தால் சிரிப்போம், மழையைப் பற்றிப் பேசுவோம். மழைக்கு இங்கே பஞ்சமில்லை என்பதால் பேச்சுக்கும் பஞ்சமில்லை.

3

போன வருடம் மகள் கோமதிக்குக் கல்யாணம் முடிவானது. பையன் இந்த ஊர்க்காரன், பெயர் இயன். தங்கமான பையன். ரசம் குடிக்கக் கொடுத்தால் கண்ணில் நீர் வழிய, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கடைசிச் சொட்டு வரை குடிப்பான். கோமதி நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற வகை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் கோபம் வந்தால் தமிழில்தான் கத்துவாள், அதனால் அவ்வப்போது கோபப்படுத்திப் பார்ப்பேன்.

பதிவுத் திருமணம் முடித்து, கடலோரத்தில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு என்று பிள்ளைகளே ஏற்பாடு செய்தார்கள். யார் எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று கோமதி படம் வரைந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைப் பக்கத்தில் சித்தப்பா, பெரியப்பா, பள்ளிக்கூடத்து நண்பர்கள், படகு விடுகிற கூட்டம் என்று மேசைகள் நிரம்பிக்கொண்டே போயின. பிறகு என்னிடம், “நம் பக்கம் யார் அம்மா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஊரிலிருந்து வர யாருக்கும் வழியில்லை. அண்ணனுக்கு விசா கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. “எனக்கு அங்கன என்னட்டி சோலி? நான் வந்துட்டா கடையை யாரு பாத்துக்கிடுவா?” என்று அவன் சிரித்தான். சேலைக்கடை வைத்திருக்கிறவன், தாய்மாமன், ஒற்றை மருமகள் கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்பதை அந்தச் சிரிப்பிலேயே மறைத்துவிட்டான். ஒரு விசேஷத்தில் பெண் வீட்டுப் பக்கம் வெறிச்சென்று கிடந்தால் நம் ஊரில் அதைவிடப் பெரிய தலைகுனிவு இல்லை. இத்தனை வருடம் ஓர் ஊரில் இருந்து நாலு பேரைச் சேர்த்து வைக்கவில்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் எங்கள் பக்கம் உட்கார ஆட்கள்தான்.

அண்ணன் அங்கே சும்மா இருக்கவில்லை. ஒருவராலும் வர முடியாத கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து, முதல் பத்திரிகையைக் கோமதி அம்மன் சன்னிதியில் வைத்துவிட்டு, ராயகிரி, வாசுதேவநல்லூர் என்று பைக்கில் சுற்றி வீடு வீடாக வைத்து வந்தான். பனவடலிசத்திரத்தில் ஒரு பெரியப்பா பத்திரிகையைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, “வேன் ஏற்பாடு உண்டுமாலே?” என்று கேட்டாராம். ராயகிரிச் சித்திக்கு, வீட்டுக்குள் வந்து உட்காராமல் வாசலில் நின்றே கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று இன்றுவரை வருத்தம். வருவதும் வராததும் வேறு. வைக்காமல் விட்டதுதான் நம் ஊரில் குற்றம்.

“நீ அங்கன எல்லாருக்கும் வச்சிட்டியாட்டி?” என்று கேட்டான்.

“வேலை பாக்குத எடத்துல மொத்தமா ஒரு மெயில் போட்டுரலாம்னு இருக்கேன்ண்ணே.”

“மெயிலா? நோட்டீசு ஒட்டுத மாதிரியா? நல்லா இருக்கே கதை. மொத்தமாக் கூப்பிட்டா எவன் வருவான்? ஒவ்வொரு வீடாப் போயி, பேரு எழுதி, குடும்பத்தோட வாங்கன்னு சொல்லி வைக்கணும்லா. நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவளான்னுதான் எல்லாரும் பாப்பாவ.”

அவன் சொல்வது சரிதான். ஆனால் எந்த வீட்டுக்குப் போவது? பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும், சொல்லாமல் போய் மணியடித்தால் போலீசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். இப்படி யோசித்துக்கொண்டே கணினியைத் திறந்தேன். எஸ் டிரைவ் கண் முன்னால் நின்றது. பெயர் எழுதிய கதவுகள், வரிசையாக.

4

நான் இங்கே வைத்த பத்திரிகை காகிதம் இல்லை, வீடியோ. சங்கரன்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் அண்ணன் சொல்லிச் செய்தது. கோபுரத்தில் ஆரம்பித்து, நாதஸ்வரம் முழங்க, மேலிருந்து பூ கொட்டிக்கொண்டே இருக்கும். தாமரை விரிந்தால் உள்ளே கோமதி, இன்னொரு தாமரையில் இயன். அவன் வாழ்க்கையில் கட்டியிராத பட்டு வேட்டியை ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே கட்டிவிட்டிருந்தார், மீசையும் லேசாக வைத்திருந்தார். கடைசியில் நாளும் மண்டபமும் வந்து, ‘தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓடும். நல்ல துல்லியமான படம். துல்லியம் கூடினால் கோப்பின் எடையும் கூடும் என்பது மண்ணையே எடை போட்டுப் பிழைக்கிற எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் குளித்து, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். முதல் பத்திரிகை சாமிக்கு அல்லவா? எஸ் டிரைவில் எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கிற முகப்பில் ஒன்றை வைத்துக் கும்பிட்டுக்கொண்டேன். பிறகு வரிசையாக ஒவ்வொரு வீடு. உள்ளே போய், வீடியோவை வைத்து, கோப்பின் பெயரை மாற்றி, ‘ஸ்டூவர்ட் அவர்களும் குடும்பத்தினரும்’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் அவரவர் பெயரை எழுதினேன். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் என் தயிரை எடுத்துத் தின்றுவிட்டு இல்லை என்று சாதித்தவருக்கும் வைத்தேன். பிரசவ விடுப்பில் இருந்தவளுக்கும் வைத்தேன்.

கடைசியில் ஓய்வு பெற்றவர்களின் ஃபோல்டர்கள் தனியாக ஒதுங்கி இருந்தன. ஓய்வுக்குப் பிறகும் கௌரவப் பதவி என்று ஒன்று கொடுத்து, ஃபோல்டரை அவர்களுக்கே விட்டுவைப்பது இங்கே வழக்கம். வேண்டுமா என்று கொஞ்சம் தயங்கினேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல், “பெரியவங்களை விட்டுராத. பெறவு பேச்சு வரும்” என்றார். அவர்களுக்கும் வைத்தேன்.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஊரெல்லாம் சுற்றிப் பத்திரிகை வைத்துவிட்டு வந்து மோர் குடிக்கும்போது ஒரு நிறைவு இருக்குமே, அது இருந்தது.

5

திங்கட்கிழமை நான் போய்ச் சேருவதற்குள் துறையே நின்றுவிட்டது. எஸ் டிரைவில் ஒரு துளி இடம் இல்லை. யாராலும் எதையும் சேமிக்க முடியவில்லை. என் கருவிகூட எண்களை வைக்க இடமில்லாமல் சிவப்பு விளக்கை எரியவிட்டு நின்றது. அதைவிட மோசம், ஒவ்வொருவர் ஃபோல்டருக்குள்ளும் அவரவர் பெயரில் ஒரு மர்மக் கோப்பு. ‘குடும்பத்தினரும்’ என்ற சொல்தான் அவர்களை மிகவும் பயமுறுத்தியிருக்கிறது. என் குடும்பத்தைப் பற்றி இதை வைத்தவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் நடுங்கினாராம். ஊழியர்கள் அத்தனை பேருக்கும் சிவப்பு எழுத்தில் மெயில் வந்தது. உங்கள் பெயர் தாங்கிய கோப்பு இருந்தால் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், இது தாக்குதலாக இருக்கலாம்.

என் மகள் கல்யாணப் பத்திரிகையைத்தான் சொல்கிறார்கள்.

யார் எதை எங்கே வைத்தார்கள் என்பது சேமிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற ஸ்டூவர்ட்டுக்கு உடனே தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றார். நெடுநெடுவென்ற ஆள், சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

“உங்கள் பாஸ்வேர்டை யாராவது திருடிவிட்டார்களா?” என்று கேட்டார். திருடிவிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவரே ஆசைப்பட்ட மாதிரி இருந்தது.

“இல்லை. நான்தான் வைத்தேன். எல்லோருக்கும் நானே.”

“ஒரே ஒரு பிரதியை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அது இருக்கிற இடத்தை எல்லோருக்கும் சொல்லியிருக்கலாமே?”

“அது மரியாதையாக இருக்காது.”

அவர் கையில் இருந்த விசாரணைப் படிவத்தில், ‘நோக்கம்’ என்ற இடத்தில் ‘மரியாதை’ என்று எழுதிக்கொண்டார். வேறு எதுவும் எழுதவில்லை. அந்த மனிதரை அன்றைக்குப் பிடித்துப்போய்விட்டது.

துறைத்தலைவரும் கடிந்து பேசவில்லை. பொதுச் சேமிப்பகத்தையும் அலுவலக மெயிலையும் இனிமேல் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அன்று மாலை இன்னொரு மெயில் வந்தது. அந்தக் கோப்புகள் ஒரு சக ஊழியரின் தனிப்பட்ட கோப்புகள், ஆபத்தில்லாதவை, எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. அதில் என் பெயர் இல்லை, கல்யாணம் என்ற சொல்லும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்திருக்கிறார்கள். அது நான்தான் என்று எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் நடைபாதையில் பார்த்தவர்கள் மழையைப் பற்றியே பேசினார்கள். என்ன கோப்பு அது என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அழைத்திருப்பேன். கேட்கவில்லை. நானாக வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது.

வீட்டில் கோமதியும் இயனும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். “யார் அம்மா இப்படிச் செய்வார்கள்?” என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அவள் மேசைப் படத்தைப் பார்த்துக்கொண்டே, “அப்படியானால் நம் பக்கத்துக்கு ஒரு மேசை போதும், இல்லையா?” என்று கேட்டாள். அவள் மனதில் ஒன்றுமில்லை, கணக்குக்காகக் கேட்டாள். போதும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

6

வரவேற்பு நாளில் வழக்கம் போல மழை. மாப்பிள்ளைப் பக்கம் கலகலவென்று இருந்தது. எங்கள் பக்கம் ஒரே மேசையில் நானும் வீட்டுக்காரரும், அவர் வேலை பார்க்கும் பஸ் டெப்போவிலிருந்து ஒரு குடும்பமும். பட்டுச்சேலையைச் சரிசெய்வது போல நான் குனிந்தே இருந்தேன்.

மண்டபத்துப் பெண் வந்து, “வெளியே சில வயதானவர்கள் வெகுநேரமாக நிற்கிறார்கள். உங்கள் ஆட்களா?” என்று கேட்டாள். எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எழுந்து போனேன்.

முன்னால் கைத்தடியோடு மார்கரெட். நான் வேலைக்குச் சேர்ந்தபோது துறையில் பேராசிரியராக இருந்து, பிறகு ஓய்வு பெற்றவர். அவர் பின்னால் டக்ளஸ், பாறைகளைப் பற்றிப் பாடம் எடுத்தவர், முழங்கால் வரை அவர்கள் ஊர்ப் பாவாடை உடுத்தி, மார்பில் பூ குத்தியிருந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு வெள்ளைத் தலைகள். எல்லோர் கையிலும் ஒரு பொட்டலம்.

“சீக்கிரம் வந்துவிட்டோமோ?” என்றார் மார்கரெட்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நீங்கள்தானே அழைத்தீர்கள்?” என்றார், நான் கேட்டதே வினோதம் என்பது போல. பழைய கட்டுரை ஒன்றைத் தேடி ஃபோல்டரைத் திறந்திருக்கிறார். வருடக்கணக்கில் புதிதாக ஒன்றும் வந்து விழாத இடத்தில் அவர் பெயரிலேயே ஒரு கோப்பு. முழுவதும் பார்த்துவிட்டு டக்ளஸுக்குப் போன் செய்தாராம். டக்ளஸ் திறந்து பார்த்தால் அங்கே அவர் பெயர். அவர் இன்னொருவருக்குப் போன் செய்ய, எனக்கும் வந்திருக்கிறது, எனக்கும் வந்திருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சிவப்பு எழுத்து மெயில் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் போகும். ஓய்வு பெற்றவர்களை எச்சரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுடைய ஃபோல்டர்கள் வேறொரு பழைய சர்வரில் இருந்ததால் அங்கே ஸ்டூவர்ட் துடைக்கவும் இல்லை. இதெல்லாம் பிறகு அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன். வருகிறோம் என்று அவர்கள் பதில் போடாததற்கும் காரணம் இருந்தது. பதில் போடுங்கள் என்று நம் ஊர்ப் பத்திரிகையில் எங்கே எழுதுகிறோம்? வரச் சொன்னார்கள், வந்துவிட்டார்கள்.

“அந்தப் பூக்கள் எங்கிருந்து விழுகின்றன?” என்று டக்ளஸ் கேட்டார். அதைத்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்களாம்.

உள்ளே கூட்டிப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா மேசைப் படத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ஊரில் தலைக்கு ஒரு தட்டு, பெயருக்கு ஒரு நாற்காலி. ஆனால் பிரியாணி போட வந்த யாழ்ப்பாணத்து அண்ணர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டி, “பயப்படாதேங்கோ, நான் எண்ணிச் சமைக்கிறேல்லை” என்றார். அதற்குள் கோமதி மேடையிலிருந்து இறங்கி, அவ்வளவு கனமான சேலையோடு, மாப்பிள்ளைப் பக்கத்து நாற்காலிகளை இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இயன் ஒரு மேசையையே தூக்கி வந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு படம் எடுப்பவர், பெண் வீட்டார் எல்லோரும் வாருங்கள் என்று கூப்பிட்டார். நானும் வீட்டுக்காரரும் போய் நின்றோம். பெரியவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். கோமதி அவர்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டி, “எல்லாரும் வாங்க! வாங்க, வாங்க!” என்று தமிழில் கத்தினாள். அவள் கோபத்தில் இல்லை. ஒரு சொல்லும் புரியாமலே எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

7

அந்தப் படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாள் கடையில் இருந்தபடியே வீடியோவில் கூப்பிட்டான்.

“கம்பு ஊணிக்கிட்டு நிக்காவளே, அவுக யாருட்டி?”

“எங்க பழைய புரொபசர். ரிட்டயர்டு ஆயாச்சு.”

“பாவாடை கெட்டியிருக்க ஆளு?”

“டக்ளஸ். அது அவங்க ஊரு உடுப்பு.”

“நல்ல உயரம்” என்றான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. டிரைவ் நிறைந்தது, சிவப்பு மெயில், விசாரணை, ஒரு டேபிள் போதும் என்றது, எல்லாவற்றையும் முதல் தடவையாக அவனிடம் கொட்டினேன். “இவ்வளவுக்கும் பெறவு அவங்க வந்து நின்னாங்கண்ணே. எனக்கு இன்னும் நம்ப முடியலை” என்று அழுதேன்.

அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

“வீட்டுக்குப் போயி, பேரு சொல்லி வச்சே. வந்திருக்காவ. இதுல நம்பாம இருக்கதுக்கு என்னட்டி இருக்கு?” என்றான். பிறகு குரலை இறக்கி, கேட்க வேண்டியதைக் கேட்டான். “அவுக வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா நீ போவணும்லா, போவியா?”

“போவேன்ண்ணே.”

“அப்பம் சரி. நமக்கும் அங்கன ஆளு இருக்கு” என்று சொல்லிவிட்டு, யாரோ சேலை கேட்டு நிற்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டான்.